கடைசிச் சனிக்கிழமை கிராண்ட் பிரி, 1985 கியாலாமி: நான் போனதாகக் கணக்கா, இல்லையா?

லெனேசியா கராஜ்காரன்:

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பையன்கள் உட்கார்ந்து ஃபார்முலா ஒன் கேள்வி கேட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். "2023 லாஸ் வேகாஸுக்கு முன்னால் கடைசியாகச் சனிக்கிழமை ஓடிய கிராண்ட் பிரி எது?" ஒருத்தனுக்கும் தெரியவில்லை. "1985 அக்டோபர் 19, தென்னாப்பிரிக்காவில் நம்ம கியாலாமி டிராக்" என்றேன். எப்படி அங்கிள் டக்கென்று சொன்னீர்கள் என்றதும், "நான் அன்னைக்கு அங்கே இருந்தேன்டா" என்று வாயில் வந்துவிட்டது. பிரியாணித் தட்டோடு நாலு பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறுத்தல். நான் அங்கே இருந்தேனா?

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு ஜோஹானஸ்பர்க் (ஜோபர்க்) பக்கத்து லெனேசியாவில் சின்ன கராஜ். வாடிக்கையாளர் ஒருவர் கடன் பாக்கிக்குப் பதிலாக இரண்டு டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை ஸ்பார்க் பிளக் டப்பாவில் போட்டு மேல் தட்டில் வைத்தார். ஒரு மாதம் தினமும் ஸ்டூல் போட்டு ஏறி, டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு இறங்குவேன். அட்டையில் கிரீஸ் வாசனை ஏறியிருந்தது.

இனவெறி ஆட்சிக் காலம் அது. அண்ணன் அப்போது பல்கலைக்கழகத்தில். போகக் கூடாது என்று அவன் ஒரே பிடிவாதம். ஊர் எரியும்போது கார் பார்க்கப் போகிறீர்களா என்று அப்பாவிடம் நேராகவே கேட்டான். அம்மா அதற்கு நடுவில் வேறு கவலையில் இருந்தார். புரட்டாசி அந்த வாரம்தான் முடிந்திருந்தது, அப்பா மட்டன் கேட்கிறார், நவராத்திரி முடியட்டும் என்று அம்மா. வீட்டில் இரண்டு சண்டை ஒரே நேரத்தில்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பிரிட்டோரியா சிறையில் பெஞ்சமின் மொலோய்சேயைத் தூக்கில் போட்டார்கள். கவிதை எழுதுகிற பையன் என்று அண்ணன் சொன்னான். அன்று ஜோபர்க் நகரத்துக்குள்ளேயே கலவரம். அப்பா ராத்திரி சாப்பிடும்போது "சரி, போகலை" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் ஒரு டட்சன் வண்டியை டெஸ்ட் பண்ணணும், நீ வா என்றார். லெனேசியாவிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர் போய் என்ன டெஸ்ட் என்று நான் கேட்கவில்லை. ஒரு மண் சாலையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இரண்டு கண்ணாடியையும் இறக்கினார். காட்டுப் புல், ஒரு முள்வேலி, மேடு. ஒரு கார்கூடத் தெரியவில்லை. சத்தம் மட்டும். முக்கால் மணி நேரம் கேட்டுவிட்டு வந்தோம். ஒரு கையில் பிளாஸ்க் மூடி, மறு கை ஸ்டீயரிங்கில். டீ ஆறிப் போனதுகூட அப்பாவுக்குத் தெரியவில்லை.

இது போனதாகக் கணக்கா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

டர்போ தம்பி:

அண்ணா, செம! சத்தம் எப்படி இருந்தது? அந்த வருஷம் வில்லியம்ஸ் ஓட்டுநர் மேன்சல் தகுதிச் சுற்றில் முதலிடத்துக்கு வைத்த போல் நேரம் 1 நிமிடம் 2.366 நொடி. 4.104 கிலோமீட்டர் டிராக்குக்கு அது சராசரியே மணிக்கு 236 கிலோமீட்டருக்கு மேல். 1500 சிசி இன்ஜின்தான், ஆனால் தகுதிச் சுற்றில் ஆயிரம் குதிரை சக்தி. எனக்கு டைம் மெஷின் கிடைத்தால் முதலில் அங்கேதான் போவேன்.

லாடியம் வாத்தியார்:

தம்பி, டைம் மெஷினில் போனால் எந்தப் பாஸில், அதாவது அந்தக் கால நடமாட்ட அனுமதிச் சீட்டில், போவாய் என்று பார்த்துக்கொள்.

கராஜ்காரரே, என் தீர்ப்பு: போனதாகத்தான் கணக்கு. நாங்கள் அந்தக் காலத்தில் சாகோஸ் என்ற இனவெறி எதிர்ப்பு விளையாட்டு அமைப்பின் லீகில் புல் இல்லாத மைதானத்தில் கிரிக்கெட் ஆடினோம். "இயல்பில்லாத சமூகத்தில் இயல்பான விளையாட்டு கிடையாது" என்பதுதான் எங்கள் கொள்கை. அரசாங்கம் கொடுத்த நல்ல மைதானத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாறையில் விழுந்து முட்டி தேய்த்துக்கொண்டோம். வேலிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்த்திருந்தால் அந்தக் கொள்கை ஒரு வாரம் நின்றிருக்காது. உங்கள் அப்பா மேல் கோபம் இல்லை. நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன்.

இனாண்டா ரோடு அக்கா:

வாத்தியார் ஐயா, ஒரு பன்னிரண்டு வயசுப் பையனை இப்படிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

அந்த வருஷம் எங்களுக்கு வேறு மாதிரி. ஆகஸ்டில் டர்பனில் இனவெறியை எதிர்த்த வழக்கறிஞர் விக்டோரியா ம்செங்கேயைக் கொன்றார்கள். அடுத்த வாரத்துக்குள் இனாண்டா பற்றி எரிந்தது. இந்தியர் கடை, வீடு, ஃபீனிக்ஸில் காந்தி இருந்த ஆசிரமம், எல்லாம். எங்கள் பெரியப்பா கடையிலிருந்து காப்பாற்றியது ஒரு தராசும் ஒரு முருகன் படமும். அக்டோபரில் நாங்கள் சித்தி வீட்டு வரவேற்பறையில் ஒன்பது பேர் படுத்திருந்தோம். அந்தச் சனிக்கிழமை ரேடியோவில் பந்தயச் செய்தி வந்தபோது பெரியப்பா சத்தத்தைக் கூட்டினார். அவருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. வேறு ஏதாவது செய்தி கேட்டால் போதும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

மிட்ராண்ட் கோவைக்காரன்:

நான் 2014இல் வேலைக்காக இங்கே வந்தவன், அதனால் சரி தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் என் அலுவலகத்திலிருந்து கியாலாமி பத்து நிமிஷம். நான் வந்த வருஷம்தான் டிராக் ஏலத்துக்குப் போய், போர்ஷே டீலர் டோபி வென்டர் 205 மில்லியன் ராண்டுக்கு வாங்கினார். அப்புறம் முழுக்கப் புதுப்பித்தார்கள். கராஜ்காரர் சொல்கிற மண் சாலையெல்லாம் இப்போது டவுன்ஹவுஸும் மாலும்.

பழைய டிராக்கே இப்போது இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 1985இல் ஓடியது நீளமான நேர்க்கோட்டில் இறக்கத்தில் வந்து கிரௌதார்ன் வளைவில் வலப்பக்கம் திரும்புகிற டிராக். 1992இல் ஃபார்முலா ஒன் திரும்பி வந்தபோது அது வேறு வடிவம். கோவையில் செட்டிபாளையம் பக்கத்து கரி ஸ்பீட்வேயில் வளர்ந்தவன் நான், அங்கே ஒரு வளைவு மாற்றினாலே நாங்கள் ஒரு மாதம் பேசுவோம்.

கராஜ்காரரே, நீங்கள் நின்றது எந்தப் பக்கம்? கிரௌதார்ன் பக்கமா, லியூகாப் பக்கமா?

லெனேசியா கராஜ்காரன்:

பேர் தெரியாது தம்பி. ஆனால் சத்தத்தை வைத்துச் சொல்கிறேன். தூரத்திலிருந்து ஒரு உறுமல் ஏறிக்கொண்டே வரும், உச்சியில் சட்டென்று அறுந்துவிடும், அப்புறம் படபடவென்று வெடிச்சரம் மாதிரி நாலைந்து வெடி. "காலை எடுத்துட்டான்" என்பார் அப்பா. பிறகு ஒரு இடைவெளி. பிறகு மறுபடி உறுமல். அப்படியானால் நேர்க்கோட்டின் முடிவு, கிரௌதார்ன்தானே?

டர்போ தம்பிக்கு: சத்தம் கீச்சென்று இருக்கவில்லை. டர்போ வாயைப் பொத்திவிடும், கனமாக, கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். கூட்டத்தில் ஒரு வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சீக்கிரமே சொன்னார் அப்பா. "ஒண்ணு போச்சு" என்றார். எதை வைத்துச் சொன்னாரோ.

டர்போ தம்பி:

அண்ணா, அது கின்சானியாக இருக்கலாம்! அவர் ஓட்டிய டோல்மேன் காரின் இன்ஜின் வெடித்து கிரௌதார்னில் எண்ணெய் கொட்டிவிட்டது. ரோஸ்பெர்க் அப்போதுதான் மேன்சலைத் தாண்டி முன்னால் வந்திருந்தார். நேராக அந்த எண்ணெயில் வழுக்கி வெளியே போனார். மேன்சல் மறுபடி முன்னிலை. ரோஸ்பெர்க் பின்னாலிருந்து ஏறி வந்து கடைசியில் ப்ரோஸ்ட்டையும் தாண்டி இரண்டாவது. வில்லியம்ஸ் ஹோண்டாவுக்கு ஒன்று இரண்டு. அடுத்து ப்ரோஸ்ட், ஜோஹான்சன், பெர்கர், பூட்சன். மேன்சலுக்கு இரண்டு வாரத்துக்கு முன் பிராண்ட்ஸ் ஹேட்சில்தான் முதல் வெற்றி, இது இரண்டாவது. ப்ரோஸ்ட் அதே பிராண்ட்ஸ் ஹேட்சில் சாம்பியன் ஆகிவிட்டார், அதனால் இங்கே பட்டத்துக்குச் சண்டை இல்லை.

கிளம்பிய வண்டிகளில் பாதிக்கு மேல் முடிக்கவில்லை. லாடா, சென்னா, பிக்கே மூன்று பேரும் வழியிலேயே நின்றுவிட்டார்கள். லாடாவுக்கு அதற்கப்புறம் அடிலெய்ட் ஒன்றுதான், ஓய்வு.

உங்கள் அப்பா உண்மையிலேயே காதால் பார்த்திருக்கிறார்.

மிட்ராண்ட் கோவைக்காரன்:

ஏன் அத்தனை வண்டி நின்றது என்று ஒரு ஊகம்: உயரம். கியாலாமி கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1500 மீட்டர். காற்று மெலிசு. சாதாரண இன்ஜின் அங்கே மூச்சு வாங்கும், டர்போ வெளியிலிருந்து காற்றை அடைத்து ஏற்றும், அதனால் அதற்குக் குறை தெரியாது. ஆனால் அந்த டர்போ இரட்டிப்பு வேகத்தில் சுற்றவேண்டாமா, சூடு ஏறும். குளிர்விக்கவும் மெலிசுக் காற்றுதான். கூடவே 220 லிட்டர் பெட்ரோல்தான், நடுவில் நிரப்பக் கூடாது என்ற விதி.

லெனேசியா கராஜ்காரன்:

இரட்டிப்பு எல்லாம் இல்லை தம்பி, கொஞ்சம் அதிகம் சுற்றும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் சரி.

இதை அப்பா தினமும் பார்த்தார். டர்பனிலிருந்து கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர் வண்டியெல்லாம் வான் ரீனன் கணவாய் ஏறியதும் கறுப்புப் புகை கக்கும். கார்புரேட்டர் கடலோரக் காற்றுக்கு அளந்து பெட்ரோல் விடுகிறது, மேலே காற்று கம்மி, பெட்ரோல் மிச்சம். வந்து இறங்கியதும் "அண்ணே வண்டி இழுக்கலை" என்பார்கள். அப்பா பெட்ரோல் விடும் ஜெட்டைக் கழற்றிச் சின்னது போடுவார், டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்புவார். காசு வாங்க மாட்டார், டர்பன் கறிவேப்பிலை ஒரு கட்டு வாங்கிக்கொள்வார். இன்றைக்கும் இங்கே 93 ஆக்டேன் பெட்ரோல் விற்கிறார்கள், கடலோரத்தில் 95தான். அதே காரணம்தான்.

அந்த முக்கால் மணி நேரத்தில் அப்பா எனக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்தார். காற்று என்பதும் ஒரு சாமான், டேய், அளந்துதான் கிடைக்கும் என்றார்.

லாடியம் வாத்தியார்:

ரசமாகத்தான் இருக்கிறது. ஆனால் இழை வேறு பக்கம் போகிறது.

அந்த வாரம் யார் வரவில்லை என்பதையும் எழுதுங்கள். பிரெஞ்சு அரசாங்கம் சொன்னதால் ரெனோவும் லிஜியேவும் வரவில்லை. பின்லாந்து, ஸ்வீடன், பிரேசில் அரசாங்கங்களும் தங்கள் ஓட்டுநர்கள் போகக் கூடாது என்றன. ரோஸ்பெர்க், ஜோஹான்சன், பிக்கே, சென்னா நாலு பேரும் வந்து ஓட்டினார்கள். ஒப்பந்தம், என்ன செய்ய. செவ்வாய்க்கிழமை கேப்டவுன் ஆத்லோனில் லாரிப் பெட்டிக்குள் ஒளிந்து வந்த போலீஸ் பிள்ளைகளைச் சுட்டு மூன்று பேர் செத்தார்கள். வெள்ளிக்கிழமை தூக்கு. சனிக்கிழமை கொடி அசைத்தார்கள். ஜூலையிலிருந்து அவசரநிலை வேறு. இதெல்லாம் ஒரே வாரம்.

டர்போ தம்பி:

ஐயா, நீங்கள் சொன்ன ரெனோ விஷயத்தில் ஒரு கூத்து இருக்கிறது. ரெனோ அணி வரவில்லை. ரெனோ இன்ஜின் வந்தது! லோட்டஸில் சென்னாவுக்குப் பின்னால் இருந்தது ரெனோ டர்போ. டிரெலிலும் அதே. லிஜியே வராததால் வேலையில்லாமல் இருந்த பிலிப் ஸ்ட்ரைஃப், டிரெல் காரில் ஏறி அதே பந்தயத்தில் ஓட்டினார். லிஜியே காரில் இருந்ததும் ரெனோ இன்ஜின், டிரெல் காரில் இருந்ததும் ரெனோ இன்ஜின். மனுஷனும் அதே, இன்ஜினும் அதே, மேலே மூடி மட்டும் வேறு.

இனாண்டா ரோடு அக்கா:

அப்போ கராஜ்காரர் அப்பாவும் ரெனோவும் ஒரே கட்சி 😀

லாடியம் வாத்தியார்:

அக்கா சிரிக்க வைத்துவிட்டீர்கள். ஆனால் பாருங்கள், விளம்பரக் கம்பெனிகளும் அதைத்தான் செய்தன. மெக்லாரன் அதே சிவப்பு வெள்ளையில் வந்தது, சிகரெட் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். பெயர் ஓடவில்லை, கார் ஓடியது. இவர்களோடு ஒப்பிட்டால் ஒரு மெக்கானிக் டட்சனில் உட்கார்ந்து டீ குடித்தது பெரிய குற்றம் இல்லைதான். என் தீர்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். அரைப் போக்கு.

கேப்டவுன் ராஜி:

ஆத்லோன் பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் தார்ன்டன் ரோடுக்கு இரண்டு தெரு தள்ளிப் பள்ளியில் இருந்தேன். வேறு ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அந்த வாரம் ஜோபர்க்கில் கார் பந்தயம் நடந்தது என்பதே எனக்கு இந்த இழையைப் படிக்கும்வரை தெரியாது. நாற்பது வருஷம்.

டர்போ தம்பி:

மன்னிக்கணும் அக்கா. நான் நேரக்கணக்கு மட்டும் பார்த்து வளர்ந்தவன்.

மிட்ராண்ட் கோவைக்காரன்:

பந்தயம் முடிந்து சில நாளிலேயே பலேஸ்த்ர், சர்வதேச கார் பந்தய அமைப்பான ஃபீசாவின் அப்போதைய தலைவர், இனவெறி ஆட்சி இருக்கும்வரை இங்கே வர மாட்டோம் என்கிற அளவில் அறிவித்துவிட்டார். பந்தயத்துக்கு முன்னால், நாள்குறிப்பில் இருக்கிறது, வந்தே ஆகணும் என்று நின்ற அதே ஆள். மண்டேலா வெளியே வந்து இரண்டு வருஷம் கழித்து, 1992 மார்ச் 1, திரும்பி வந்தார்கள். ஜெயித்தது மறுபடி மேன்சல். 1993இல் ப்ரோஸ்ட். அதோடு சரி, இன்றுவரை ஆப்பிரிக்கக் கண்டத்தில் ஒரு ஃபார்முலா ஒன் கிராண்ட் பிரி இல்லை.

2025இல் கியாலாமியை ஃபார்முலா ஒன்னுக்குத் தேவையான முதல் தரத்துக்கு உயர்த்தும் வரைபடத்தை உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ ஏற்றுக்கொண்டது. வந்தால் கராஜ்காரருக்கு வேலிக்கு உள்ளே ஒரு சீட் என் செலவு.

இனாண்டா ரோடு அக்கா:

எங்கள் டர்பனை விட்டுவிட்டீர்களே. 2006லிருந்து மூன்று வருஷம் கடற்கரைச் சாலையிலேயே நாட்டுக்கு ஒரு அணியாக மோதும் ஏ1 கிராண்ட் பிரி ஓடியது. கடைசி சீசனில் இந்தியா காருக்கு உங்கள் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். நாங்கள் பன்னி சௌ வாங்கிக்கொண்டு காது பொத்திக்கொண்டு பார்த்தோம். குழம்பு ரொட்டியிலிருந்து ஒழுகி என் புடவை போச்சு. பெரியப்பா இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

கியாலாமி என்றால் ஜூலுவில் "என் வீடு". இது யாருக்காவது தெரியுமா?

லெனேசியா கராஜ்காரன்:

தெரியும் அக்கா. அப்பா அன்றைக்கே சொன்னார், சிரித்துக்கொண்டே.

எல்லோருக்கும் நன்றி. ஒரு விஷயம் விட்டுவிட்டேன். அந்த இரண்டு டிக்கெட். ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன், பிளக் டப்பாவில் பிளக்தான் இருந்தது. அப்பா கிழித்துப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். 2009இல் அவர் படுக்கையில் இருந்தபோது கேட்டேன். "நான் தொடலை, நீதான் எங்கேயோ தொலைச்சிட்டேன்னு விட்டுட்டேன்" என்றார். இருபத்துநாலு வருஷம் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டிருக்கிறோம்.

அண்ணன்காரன்:

புது உறுப்பினர். மேலே எழுதுகிறானே, அவனுக்கு மூத்தவன். இப்போது டர்பன் பக்கத்து டோங்காட்டில் இருக்கிறேன். மகள் இந்த இழையை அனுப்பி "அப்பா இது நம்ம சித்தப்பாவா?" என்றாள்.

டிக்கெட்டை எடுத்தது நான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு எடுத்தேன். விடியற்காலை ஃபோர்ட்ஸ்பர்க்கில் ஒரு ஆளிடம் விற்றேன். அந்தக் காசில் ஒரு ரீம் காகிதமும் ரோனியோ மெஷினுக்கு இங்க்கும் வாங்கினோம். மொலோய்சே பற்றி ஒரு துண்டறிக்கை. கை முழுக்கக் கறுப்பு, வீட்டுக்கு வந்தபோது கிரீஸ் என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

போகக் கூடாது என்று அப்பாவிடம் கத்திய நானே இரண்டு பேரை உள்ளே அனுப்பிவைத்தேன். அப்போது அது கணக்கில் வரவில்லை. வாத்தியார் ஐயா, எனக்கு எவ்வளவு போடுகிறீர்கள்?

லாடியம் வாத்தியார்:

உங்களுக்குக் கணக்குப் போட என்னிடம் படிப்பில்லை.

அந்தத் துண்டறிக்கை ஒன்று என்னிடம் இருக்கலாம். கீழ் ஓரத்தில் இங்க் கசிந்து கடைசி இரண்டு வரி படிக்க முடியாது. அதுதானா?

அண்ணன்காரன்:

ஐயா, அதேதான். ஸ்டென்சில் கிழிந்துவிட்டது. இங்க் நல்லது, பழக்கம்தான் இல்லை.

லெனேசியா கராஜ்காரன்:

டேய் அண்ணா. இருபத்துநாலு வருஷம்டா. அப்பா படுக்கையில் இருந்தபோது நான் எடுக்கலைன்னு எத்தனை தடவை சத்தியம் பண்ணியிருப்பேன்.

சரி, சனிக்கிழமை கிளம்பி வா. மட்டன் வாங்கி வைக்கிறேன். வண்டி வான் ரீனனில் இழுக்கவில்லை என்று போன் பண்ணாதே, இப்போது எல்லாம் கம்ப்யூட்டர், ஜெட் மாற்ற ஒன்றுமில்லை. கறிவேப்பிலை மட்டும் கொண்டு வா.